பொறுப்பை ஒப்படைக்கும்போது 990-என்னையும் ஒப்படையுங்கள்

அமெரிக்காவில் தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்கம், சிறு அறக்கட்டளை என்று நடத்திவரும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். நான் விலகிய பிறகு நிர்வாகம் இரண்டு முறை மாறியது. வங்கிக் கணக்கு, பாடப்புத்தகக் கட்டு, ஒலிபெருக்கி எல்லாம் கைமாறின. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய 990-என் படிவம் மட்டும் யார் கைக்கும் போகவில்லை. ஒரு பெற்றோர் தன் கம்பெனியில் மேட்சிங் நன்கொடைக்கு (ஊழியர் தருவதற்கு ஈடாகக் கம்பெனியும் தருவது) விண்ணப்பித்தபோதுதான் எங்கள் வரிவிலக்கு ரத்தாகிவிட்டது தெரிந்தது. ஐஆர்எஸ் கடிதங்கள் முன்னாள் தலைவரின் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருந்தன.

501(சி)(3) என்ற வரிவிலக்கு அந்தஸ்து வாங்க நாம் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அமைப்பைக் கலைத்தால் மிச்சப் பணம் இன்னொரு அறப்பணிக்கே போக வேண்டும் என்ற விதி முதற்கொண்டு எழுதி, 1023 அல்லது 1023-ஈஇசட் விண்ணப்பப் படிவம் நிரப்பி, கட்டணம் கட்டிக் காத்திருக்கிறோம். ஒப்புதல் கடிதம் வந்ததும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம்.

ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்கு மேல் போகாத அமைப்புக்கு 990-என் போதும். இணையத்திலேயே செய்துவிடலாம், கட்டணம் இல்லை, கையில் விவரம் இருந்தால் பத்து நிமிட வேலை. நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15ஆம் தேதி கெடு; ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவர்களுக்கு மே 15. ஒரு வருடம் தாமதமானால் அபராதம்கூடக் கிடையாது. அதனாலேயே யாரும் பதறுவதில்லை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டால் அந்தஸ்து தானாகவே போய்விடும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2011 ஜூனில் வந்த, ரத்தானவர்களின் முதல் பட்டியலில் சுமார் 2,75,000 அமைப்புகள் இருந்தன.

திரும்பப் பெற வழி உண்டு. 990-என் போடும் அளவிலான சிறிய அமைப்பு, முதல் முறை ரத்தானதென்றால், 15 மாதங்களுக்குள் புதிதாக விண்ணப்பித்து ரத்தான தேதியிலிருந்தே அந்தஸ்தை மீட்கலாம். அதைத் தாண்டினால், ரத்தான தேதியிலிருந்தே மீட்க ஏன் தவறியது என்று காரணம் காட்ட வேண்டியிருக்கும். எங்கள் பெற்றோரிடம் நின்று இதை விளக்கிய நாளை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும் என்று நம்பிக் கொடுத்த பணம் அது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். புதுக் குழு பதவியேற்கும் அன்றே 990-என் யார் பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள். கடைசியாக அனுப்பியதன் நகலையும் ஐஆர்எஸ் தந்த அமைப்பின் அடையாள எண்ணையும் (EIN) ஒரே கோப்பில் வையுங்கள். முகவரியோ ஐஆர்எஸ்ஸில் பதிந்துள்ள பொறுப்பாளரோ மாறினால் படிவம் 8822-பி அனுப்புங்கள். பொறுப்பாளர் மாற்றத்துக்கு 60 நாள் கெடு. மாநிலத்துக்குத் தனிப் பதிவோ அறிக்கையோ தேவையா என்றும் பாருங்கள், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அப்புறம், 250 டாலரும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு எழுத்தில் ரசீது கொடுங்கள். அது இல்லாமல் அவர்கள் வரிக்கழிவு கோர முடியாது.

இன்று இரவே ஐஆர்எஸ் தளத்தின் தேடல் பக்கத்தில் உங்கள் அமைப்பின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ரத்தானவர்கள் பட்டியலில் இருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். அந்த 15 மாதம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
ஒரு முன்னாள் பொருளாளர்