ஐ.நா. வாசலில் காத்திருக்கும் அமைப்புகளுக்கு

ஐ.நா. கூட்டங்களில் கலந்துகொண்டு கருத்துச் சொல்ல வழிதரும், ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதிக்கு விண்ணப்பிக்க முனைந்திருக்கும் உரிமை அமைப்புகளின் தோழர்களுக்கு வணக்கம்.

உங்கள் விண்ணப்பத்தை முதலில் பரிசீலிப்பது நிபுணர் குழு அல்ல. 19 அரசுகள் அமர்ந்த குழு. நீங்கள் எந்த அரசின் மீது முறையிடுகிறீர்களோ, அதுவே அங்கே உறுப்பினராக இருக்கலாம். தாள்களைத் தயாரிக்கும்போதே இதை மனத்தில் வையுங்கள்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 1; பரிசீலனை மறு ஆண்டில். பதிவாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். பதிவுச் சான்று, அமைப்பு விதிகள், அண்மை வரவு செலவுக் கணக்கு எல்லாம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் கணக்கில்தான் தொடங்கும். அரசு நிதி பெற்றிருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வரவைவிடச் செலவு அதிகமென்றால் காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள். விதிகளில் ஒரு நோக்கமும் இணையதளத்தில் வேறொன்றும் இருந்தால் கேள்வி வரும். தைவானின் பெயரை ஐ.நா. வழக்கப்படி, அதாவது சீனாவின் மாகாணம் என்று, எழுதவில்லை என்பதற்காகவே நிறுத்திவைக்கப்பட்ட விண்ணப்பங்களும் உண்டு.

ஓர் உறுப்பு நாடு கேள்வி எழுப்பினால் பெரும்பாலும் முடிவு அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். அமர்வோ ஆண்டுக்கு இருமுறைதான். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2007-இல் விண்ணப்பித்தது. இந்தியா நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளை அடுக்கியது. 2022 டிசம்பரில் அந்தக் குழுவைத் தாண்டி, பொருளாதார சமூக மன்றமே வாக்கெடுத்துத்தான் தகுதி வழங்கியது. பதினைந்து ஆண்டுகள்! அந்த அமைப்பிடம் குறையில்லை, கேள்வியையே பூட்டாக்கிவிட்டார்கள். இது அநீதி. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில், சுருக்கமாக, விண்ணப்பத்தில் தந்த அதே எண்களோடு பதில் கொடுங்கள். பதிலே வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் முறைவைத்து அலசும், ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் உலகளாவிய காலமுறை ஆய்வுக்கு அறிக்கை அனுப்ப இந்தத் தகுதி தேவையில்லை. தனி அறிக்கைக்கு 2,815 சொற்கள், கூட்டறிக்கைக்கு 5,630 சொற்கள் வரம்பு. மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் ஒப்பந்தக் குழுக்களுக்கு, அரசின் அறிக்கைக்கு எதிரே உங்கள் தரப்பைச் சொல்லும் மாற்றறிக்கையும் தரலாம். தேதி, இடம், வழக்கு எண் மூன்றும் உள்ள பத்து சம்பவங்கள் நூறு பக்கக் கண்டனத்தைவிட அங்கே எடுபடும். அரசுப் பிரதிநிதிகள் உங்களைத் தேடி வரத் தொடங்குவதும் அந்த ஆதாரங்களுக்காகத்தான்.

தகுதி கிடைத்த நாளிலேயே நாட்காட்டியில் ஒன்றைக் குறித்துவிடுங்கள்: ஆலோசனைத் தகுதியின் வகைகளில் பொது, சிறப்பு என்ற இரண்டில் ஒன்றைப் பெற்றவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செயல்பாட்டறிக்கை தர வேண்டும். தவறினால் ஓராண்டு இடைநிறுத்தம். அதன் பிறகும் தராவிட்டால் தகுதியே பறிபோகும்.