வால்யூம் குமிழ் பாதிக்கு மேல் திரும்புவது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புதிய 50 வாட் ஸ்டீரியோ செட்டை வாங்கியவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பழைய செட்டில் குமிழைத் தொட்டாலே அலறும். இதில் பாதி வரை திருப்ப வேண்டியிருக்கிறதே, பவரைக் குறைத்துவிட்டீர்களா?" பவரில் கை வைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், அவுட்புட் டிரான்சிஸ்டர் எல்லாம் முன்பு இருந்தவைதான். கெயினையும் (உள்ளே வரும் சிக்னலைப் போர்டு எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) வால்யூம் கன்ட்ரோலையும் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் சுழலும் ரெசிஸ்டர்) மட்டும் மாற்றியிருக்கிறோம். காரணத்தைக் கணக்கோடு சொல்லிவிடுகிறோம்.

8 ஓம் பாக்ஸில் 50 வாட் என்றால் ஸ்பீக்கர் முனையில் 20 வோல்ட். பழைய போர்டின் கெயின் 33. அதாவது 0.6 வோல்ட் உள்ளே போனாலே முழு பவர் வந்துவிடும். டேப் டெக்கும் டியூனரும் அரை வோல்ட்டுக்குள் கொடுத்த நாட்களில் அது சரியாக இருந்தது. சிடி பிளேயர் வந்தபின் 2 வோல்ட் வழக்கமாகிவிட்டது. இன்றைய டிஏசி (டிஜிட்டல் பாட்டைச் சாதாரண சிக்னலாக மாற்றும்) பெட்டிகளும் பெரும்பாலும் அதே 2 வோல்ட்தான் தருகின்றன.

குமிழ் ஏழு மணியில் தொடங்கி ஐந்து மணியில் முடியும், மொத்தம் சுமார் 300 டிகிரி. நல்ல லாக் கன்ட்ரோல் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சிக்னலை ஏற்றும் வகை) பாதித் திருப்பத்தில் ஏறக்குறைய 15 சதவீத சிக்னலைத்தான் விடும். பழைய செட்டில் 2 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சாதாரண அறையில் 1 வாட்டே காதை நிறைக்கும். அதற்கு ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் போதும். அந்த அளவு குமிழை 43 டிகிரி திருப்பியதுமே, எட்டரை மணியைத் தொடும் முன்பே, வந்துவிடுகிறது. ஒரு மணி நெருங்கும்போது 50 வாட்டும் தீர்ந்துபோகும். அதற்கு மேல் மிச்சமிருக்கும் திருப்பம் முழுவதும், பவர் போதாமல் உச்சி வெட்டுப்பட்ட அலைதான். ட்வீட்டர்கள் (சன்னமான ஓசைக்கான சிறு ஸ்பீக்கர்கள்) எரிவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கடையில் குமிழைத் தொட்டதும் அலறுகிற செட்டைப் "பவர்ஃபுல்" என்று எடுத்துப்போகிற வழக்கம் இருக்கிறதே, அங்கே அலறுவது கெயின். வாட் அல்ல.

இதனால் நேரும் பெரிய தொல்லை இரவில்தான் தெரியும். ஸ்டீரியோ கன்ட்ரோல் என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு கார்பன் தடங்கள். நடுவில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். அடிப்பக்கத்தில், முதல் முப்பது நாற்பது டிகிரியில், ஒன்றுக்கொன்று 3 டெசிபல் (சத்த வித்தியாசத்தின் அளவு) வரை விலகுவது சாதாரணம். மலிவான சரக்கில் ஒரு பக்கம் ஊமையாகி மறுபக்கம் மட்டும் பாடும். பிள்ளைகள் தூங்கிய பின் மெதுவாகக் கேட்க நினைத்தால் பாட்டு இடது பாக்ஸுக்கு ஒதுங்கிவிடுகிறது. விலை உயர்ந்த கன்ட்ரோலைப் போட்டால் இது குறையும், அடியோடு போகாது. நாம் கேட்கும் இடத்தை அந்தக் கெட்ட பகுதியிலிருந்து மேலே தூக்குவதே சரியான மருந்து.

ஆகவே புதிய போர்டில் கெயின் 20. பின்பக்கத்தில் "ஹை, லோ" என்று ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். ஹை நிலையில் 3.9 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் தொடராகவும் 4.7 கே எர்த்துக்கும் வந்து 2 வோல்ட்டைப் பாதியாக்கும். இப்போது 1 வாட் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணியில் வரும். முழு பவர், குமிழ் முழுதாகத் திரும்பிய இடத்தில் வரும். போனின் இயர்போன் ஜாக்கிலிருந்து அரை வோல்ட்தான் வருகிறது என்றால் லோவுக்கு மாற்றுங்கள். அப்போதும் அதிகபட்சம் 12 வாட் அளவே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அறைக்கு அது தாராளம், கல்யாண மண்டபத்துக்குப் பற்றாது.

பழைய செட் வைத்திருப்பவர்கள் புதிது வாங்க வேண்டியதில்லை. உள்ளே 50 கே கன்ட்ரோல் இருந்தால், ஆர்சிஏ ஜாக்கின் நடு முனைக்கும் கன்ட்ரோலின் மேல் காலுக்கும் (சிக்னல் நுழையும் கால்) இடையில் 47 கே ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள், சேனலுக்கு ஒன்று. சிக்னல் பாதியாகிவிடும். கன்ட்ரோலிலிருந்து போர்டுக்குப் போகும் ஷீல்டு வயர் ஒரு சாணுக்கு மேல் நீளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சன்னமான ஓசைகள் மங்கும்.

அப்படி மங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கன்ட்ரோலின் நடுக்கால் (சிக்னல் வெளியேறும் கால்) தரும் தடை, அதிகபட்சமாக மொத்த மதிப்பில் கால் பங்கு. 100 கே என்றால் 25 கே. வயரும் போர்டும் சேர்ந்து 300 பைக்கோ ஃபாரட் இருந்தால் 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிந்துவிடும், அதுவும் குமிழ் இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். புதிய செட்டில் 20 கே போட்டிருக்கிறோம். அதே சரிவு 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடுகிறது, இரைச்சலும் குறைகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டுப் பழைய செட்டில் 100 கே கழற்றி 10 கே போட்டுவிடாதீர்கள். முன்னால் 0.1 மைக்ரோ கண்டன்சர் இருந்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் காணாமல் போகும். "கன்ட்ரோல் மாற்றினேன், பேஸ் போச்சு" என்று வரும் செட்டுகளில் முதலில் இதைத்தான் பார்ப்போம். கன்ட்ரோலின் மதிப்பு பத்தில் ஒன்றானால் கண்டன்சர் பத்து மடங்காக வேண்டும்.

மாற்றுக் கன்ட்ரோல் வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். இங்கே கிடைக்கும் ஆசியச் சரக்கில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர் (திருப்பத்துக்கு ஏற்பச் சமமாக ஏறுவது). பழைய ஐரோப்பிய செட்டுகளில் ஏ என்பதே லீனியராக இருக்கலாம், எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். குமிழை நடுவில் நிறுத்தி, நடுக்காலிலிருந்து இரு ஓரக் கால்களுக்கும் மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் லீனியர். ஒன்று மற்றதைப்போல் ஐந்தாறு மடங்கு என்றால் லாக். லீனியரைப் போட்டால் பத்தில் ஒரு பங்கு திருப்பத்திலேயே உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே வரை ஏறிவிடும். பிறகு திருப்பத் திருப்ப ஒன்றும் ஏறாதது போலத் தோன்றும். வேறு வழியில்லை, பி 100 கே தான் கையில் இருக்கிறது என்றால், நடுக்காலுக்கும் எர்த் காலுக்கும் இடையில் 15 கே ரெசிஸ்டர் வையுங்கள். நடுவில் 14 டெசிபல் அளவு குறையும், லாக் போலவே நடந்துகொள்ளும்.

ரிமோட் ஏன் தரவில்லை என்றும் கேட்கிறீர்கள். 5.1 கிட்களில் வரும், ரிமோட்டுக்கு ஏற்ப வால்யூமை மாற்றும் பிடி 2258 போன்ற ஐசிக்கள் மோசமானவை அல்ல. 1 டெசிபல் படிகளில் துல்லியமாகக் குறைக்கும், இரண்டு சேனலும் ஒத்தே போகும். குறை அதற்குக் கொடுக்கும் சப்ளையில். 2 வோல்ட் சிக்னல் உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 5.7 வோல்ட். ஐசிக்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்த போர்டில் அது நுழையும்போதே வெட்டுப்படும். அதன்பின் வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். மெதுவான சத்தத்திலும் பாட்டு கரகரக்கிறது என்றால் ஐசியின் சப்ளை 5 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அளந்து பாருங்கள். 9 வோல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் ரிமோட் மாடல் வரும்போது மோட்டார் பொருத்திய கன்ட்ரோலோடு வரும். குமிழே சுழல்வதால் சத்தம் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கரகரப்பு வந்தால் உடனே கன்ட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். திருப்பும்போது மட்டும் கரகரத்தால், சிக்னல் எதுவும் கொடுக்காமல் நடுக்காலில் டிசி அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் கப்ளிங் கண்டன்சர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது) கசிகிறது. கன்ட்ரோலை எத்தனை முறை மாற்றினாலும் ஒரு மாதத்தில் திரும்ப வரும். டிசி இல்லை என்றால்தான் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கால்களுக்கு மேலே இருக்கும் சிறு இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரை ஒரு வினாடி மட்டும் அடித்து, இருபது முப்பது முறை முழுதாகத் திருப்பி, நன்றாகக் காயவிட்டு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம். தண்டுப் பக்கம் அடித்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து குமிழ் தளர்ந்துவிடும்.

குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் ஒரு சேனல் முழுச் சத்தத்தில் பாடினால், அந்த சேனலின் எர்த் கால் சால்டர் விட்டிருக்கிறது. குமிழைத் தொட்டால் ஹம் வந்தால் கன்ட்ரோலின் உலோக உடலை சேசிஸோடு சேர்க்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் "டும்" என்று அதிர்ந்து ஹம் எழுந்தால் நடுக்கால் தடத்தை விட்டுத் தூக்குகிறது. நடுக்காலிலிருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஸ்பீக்கர் தப்பிக்கும். புதிய போர்டில் அது இருக்கிறது, பழைய போர்டில் இல்லை. சர்வீஸுக்கு வரும் பழைய செட்டுகளில் இனி இதையும் போட்டே திருப்பித் தருவோம், அதற்குத் தனியாகக் கூலி கிடையாது.

செட்டைக் கொண்டுவரும்போது, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையில் குமிழின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொண்டுவாருங்கள். எதிலிருந்து பாட்டுக் கேட்கிறீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்: டிவியா, டிஏசியா, புளூடூத் போர்டா, போன் ஜாக்கா. ஹை, லோ எதில் வைக்க வேண்டும், ரெசிஸ்டர் எவ்வளவு என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
பட்டறை சர்வீஸ் பிரிவு