மொழியாசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. புதிய உறுப்பினர் சேர்க்கை, சந்தா புதுப்பித்தல், நூலகத்துக்கு வாங்கிய புத்தகங்கள் ஆகிய விவரங்கள் தனித்தாளில் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை ஒருமுறை வாசித்துக் காட்டி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. ஏனென்றால் ஆண்டு முழுவதும் நம் நேரத்தையும், கொஞ்சம் பணத்தையும், நிறைய வாக்குவாதத்தையும் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: வகுப்பில் நாவல் படிக்கும் மாணவர்களுக்கான சுவரொட்டித் திட்டம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். நாவல் முடிந்ததும் மாணவர்கள் எழுதித் தரும் கதைச்சுருக்கத்துக்கு ஒரு மாற்று தேட வேண்டும் என்பது அது. கதைச்சுருக்கம் கேட்டால் என்ன நடக்கிறது என்று இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் வாக்கியத்தை முன்பின் மாற்றி அதையே எழுதுவார்கள். திருத்துகிற நமக்கும் பத்தாவது தாளுக்கு மேல் கண் சொக்கும். சுவரொட்டி கேட்டால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது என்று நம்பித்தான் தொடங்கினோம்.

முதல் பருவத்தில் வந்த சார்ட்டுகள் பார்க்க அழகாகவே இருந்தன. நடுவில் நாயகனின் முகம், பின்னால் மறையும் சூரியன், மேலே கொட்டை எழுத்தில் நாவலின் பெயர், கீழே ஆசிரியர் பெயர். எல்லாம் சினிமா போஸ்டர் பாணி. பெற்றோர் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். அப்போதுதான் நம் உறுப்பினர் ஒருவர், கூட்டத்தில் அதிகம் பேசாதவர், ஒரு கேள்வி கேட்டார்: "இவற்றில் எதை வரைவதற்கு நாவலைப் படித்திருக்க வேண்டும்?" பின்னட்டையைப் படித்திருந்தாலே போதும் என்பதுதான் நேர்மையான பதில். அந்த ஆண்டின் மீதிப் பகுதி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

அதிலிருந்து பிறந்த விதியை நாம் 'பின்னட்டைச் சோதனை' என்று அழைக்கிறோம். பின்னட்டையை மட்டும் படித்த ஒருவரால் ஒரு சுவரொட்டியை வரைந்துவிட முடியும் என்றால் அது திரும்பப் போகும். கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு. சுவரொட்டியில் உள்ள ஒவ்வொரு முக்கியமான படத்துக்கும், நிறத்துக்கும், சொல்லுக்கும் நாவலில் எந்தப் பக்கம் ஆதாரம் என்று சார்ட்டின் பின்புறம் எழுத வேண்டும். "அம்மாவுக்கு ஏன் நீலப் புடவை?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு சார்" என்ற பதில் செல்லாது. பக்க எண் வேண்டும். அல்லது நாவலில் நிறமே சொல்லப்படவில்லை, இந்தக் காரணத்துக்காக நான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்ற விளக்கம் வேண்டும். இரண்டாவது வகைப் பதில்கள்தான் பெரும்பாலும் சுவையானவை.

இந்த விதிக்குப் பிறகு எந்தெந்த வகைச் சுவரொட்டிகள் பிழைத்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

முதலிடம் வரைபடத்துக்கு. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் தன் வளர்ப்பு மகனோடு இருந்தபோது உருவான ஒரு தீவின் வரைபடத்திலிருந்துதான் 'புதையல் தீவு' நாவல் பிறந்தது. புத்தகமாக வரும் நேரத்தில் பதிப்பகத்துக்கு அனுப்பிய மூல வரைபடம் தொலைந்துபோனது. தான் எழுதியதையே வரிவரியாகப் படித்து, தூரங்களையும் திசைகளையும் குறித்துக்கொண்டு, அவர் இன்னொரு வரைபடம் தயாரிக்க வேண்டியதாயிற்று. முதல் முறை விளையாட்டாக வந்தது, இரண்டாம் முறை பெரும் பாடாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நம் மாணவர்களுக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது வேலையைத்தான். நாயகியின் வீட்டிலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு தூரம்? கிணறு எந்தப் பக்கம்? மூன்றாம் அத்தியாயத்தில் வாசலில் நின்றபடி பள்ளிக்கூடத்தைப் பார்க்க முடிகிறது, பதினொன்றாம் அத்தியாயத்தில் அதே பள்ளிக்கூடத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒரு குழு இப்படி ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்துச் சார்ட்டில் சிவப்புக் கேள்விக்குறியோடு ஒட்டியது. நாவலாசிரியரின் கவனக்குறைவா, கதைசொல்லிக்கு நினைவு தவறுகிறதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டதாம். எந்த வினாத்தாளும் அந்த விவாதத்தைக் கிளப்பியிருக்காது.

அடுத்தது காலச் சுவரொட்டி. நாவல் சம்பவங்களைச் சொல்லும் வரிசை ஒன்று, அவை நடந்த வரிசை வேறு. மேல் கோட்டில் சொன்ன வரிசையையும், கீழ்க் கோட்டில் நடந்த வரிசையையும் எழுதி, ஒரே சம்பவத்தை நூலால் இணைக்கச் சொன்னோம். நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இடத்தில்தான் ஆசிரியர் எதையோ மறைத்திருக்கிறார் என்று மாணவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. நினைவோட்டமாகப் போகும் நாவல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் கருத்து. நேர்க்கோட்டில் ஓடும் நாவலுக்கு இதைக் கொடுக்காதீர்கள். எல்லா நூலும் நேராக இறங்கும், அதில் பார்க்க ஒன்றுமிருக்காது.

காலத்தோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்து ஒரே படத்தில் காட்ட விரும்பியவர்களுக்கு மினாரின் படத்தை மாதிரியாகக் காட்டினோம். சார்லஸ் ஜோசஃப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் வரைந்தது. 1812இல் நெப்போலியனின் படை ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பியதைக் காட்டும் படம் அது. கோட்டின் தடிமன்தான் படைவீரர்களின் எண்ணிக்கை. புறப்படும்போது 4,22,000 பேர். பட்டையாகத் தொடங்கும் கோடு போகப்போக மெலிந்து, திரும்பும்போது 10,000 பேருக்கு நூலிழை போல ஆகிவிடுகிறது. அடியில் குளிரின் அளவு. இதைப் பார்த்த ஒரு மாணவி, தன் நாவலில் வரும் கூட்டுக்குடும்பத்தை அதே முறையில் வரைந்தார். வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கைதான் கோட்டின் தடிமன். திருமணமாகிப் போனவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள், இறந்தவர்கள் என்று கோடு கிளைவிட்டு மெலிகிறது. அடியில், குளிருக்குப் பதில், அந்தந்த அத்தியாயத்தில் வீட்டில் யாராவது சிரித்த இடங்கள். இந்த ஆண்டின் சிறந்த சுவரொட்டி என்று நடுவர்கள் ஒருமனதாகச் சொன்னது இதைத்தான். அதில் முகம் என்று ஒன்றுகூட இல்லை.

கதைமாந்தர் சுவரொட்டியில் இ. எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1927இல் சொன்ன பிரிவைப் பயன்படுத்தினோம். ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும் தட்டையான பாத்திரங்கள் ஒரு வகை. நம்பும்படியாக நம்மை வியக்கவைக்கும் முழுமையான பாத்திரங்கள் இன்னொரு வகை. தட்டையானவர்களுக்கு ஒரு வாக்கியம் மட்டும் எழுத இடம். முழுமையானவர்களுக்கு, அவர்கள் எந்தப் பக்கத்தில் நம்மை ஏமாற்றினார்கள் என்று குறிக்க இடம். யாரை எந்தப் பெட்டியில் போடுவது என்ற சண்டையிலேயே பாடவேளை போய்விட்டது. போகட்டும், அதற்குத்தானே அது.

ஒன்றை மட்டும் கைவிடச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வகுப்பறைகளில் நாவலின் கதையமைப்பு என்று ஒரு முக்கோணம் தொங்குகிறது: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. இதை 1863இல் வகுத்த குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் பேசியது நாடகத்தைப் பற்றி, அதிலும் முக்கியமாக ஐந்து அங்க நாடகத்தைப் பற்றி. நானூறு பக்க நாவலை அந்த முக்கோணத்துக்குள் திணிக்கும்போது மாணவர்கள் உச்சத்தைத் தேடி அலைகிறார்கள், கிடைக்காதபோது இட்டுக்கட்டுகிறார்கள். வடிவத்தை மாணவரே கண்டுபிடிக்கட்டும். சிலர் சுழல் வரைந்தார்கள், ஒரு குழு இரண்டு தண்டவாளங்களை வரைந்தது. முக்கோணமும் ஒருசில நாவல்களுக்குப் பொருந்தும்தான், மறுக்கவில்லை.

செய்முறை பற்றி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்டவை சில. அளவு ஏ2 போதும், அதாவது 420க்கு 594 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தால் வெற்றிடத்தை நிரப்பப் பூ வரைகிறார்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டிய தலைப்பு எழுத்து 25 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து இரண்டு தரப்பைப் பிரித்துக் காட்டவும் வேண்டாம். அந்த நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், வகுப்பில் இருக்கக்கூடும். ஒரு தரப்புக்குக் கோடு, இன்னொன்றுக்குப் புள்ளி என்று வைத்தால் சிக்கல் தீர்ந்தது. லேமினேஷன் செய்யாதீர்கள். காட்சிநாளன்று விளக்கு வெளிச்சம் பளபளத்து, பாதிச் சுவரொட்டிகளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

குழு வேலையில் வந்த புகார் பழையதுதான். நன்றாக வரைகிறவர் வரைகிறார், மற்றவர்கள் ஸ்கெட்ச் பேனா மூடியைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். இதற்கு நாம் கண்ட வழி: ஒவ்வொருவரும் முதலில் தனியாகக் கால் தாளில் பென்சிலால் ஒரு மாதிரி போட வேண்டும். நான்கு மாதிரிகளையும் மேசையில் பரப்பி, எதை எடுப்பது, எதை விடுவது என்று பேசிய பிறகுதான் பெரிய சார்ட் கைக்கு வரும். கால் தாள்களையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். மதிப்பெண் 20இல் 8 ஆதாரத்துக்கு, 6 எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு, 4 தெளிவாகப் படிக்க முடிகிறதா என்பதற்கு. ஓவியத் திறமைக்கு 2 மட்டும். ஓவிய ஆசிரியருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் வரைய வராத பிள்ளை குச்சி மனிதர்களை வைத்துக்கொண்டே 18 வாங்க முடிகிறது என்றால், அந்த வருத்தத்தை நாம் தாங்கிக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களை அனுமதிப்பதா என்று ஒரு கூட்டம் முழுவதும் பேசினோம். அடியோடு தடை என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில், யார் வரைந்தாலும் பின்புறத்தில் பக்க எண் வேண்டும் என்ற பழைய விதியே போதும் என்று முடிவானது. நாவலில் நொண்டி நடக்கும் கிழவரைக் கணினி நிமிர்ந்து நிற்கவைத்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பது மாணவரின் பொறுப்பு. என்னைக் கேட்டால் கையால் வரைவதே நல்லது என்பேன். கை மெதுவாகப் போகும்போது மறுபடி புத்தகத்தைத் திறக்க நேரம் கிடைக்கிறது. ஆனால் பெரும்பான்மை முடிவு அதுவல்ல.

காட்சிநாளில் பார்வையாளர்களுக்குச் சிறு சீட்டு கொடுத்து, ஒவ்வொரு சுவரொட்டிக்கும் கீழே ஒட்டச் சொன்னோம். 'சூப்பர்', 'அருமை' எழுதக் கூடாது, கேள்வி மட்டும் எழுதலாம் என்று விதி. முதல் சுற்றில் யாரும் பேசக் கூடாது. இரண்டாம் சுற்றில் வரைந்தவர்கள் பக்கத்தில் நின்று பதில் சொல்வார்கள். பதில் தெரியாவிட்டால் நாவலை எடுத்துப் பார்க்கலாம், புத்தகம் மேசையில் இருக்கும். அன்று அந்தப் பிரதிகள் கைமாறிக் கைமாறி, சில அட்டை கிழிந்து திரும்பி வந்தன. அவற்றை மாற்றும் செலவைப் பொருளாளர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்.

பாடத்திட்டம் முடியவில்லை, இதெல்லாம் விளையாட்டு என்று சொன்ன உறுப்பினர்களின் கருத்தையும் பதிவு செய்கிறேன். ஒரு சுவரொட்டிக்குச் சில பாடவேளைகள் போகின்றன என்பது உண்மை. அதனால் ஒரு வகுப்புக்கு ஆண்டுக்கு ஒரு நாவல், ஒரு சுவரொட்டி என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

வரும் ஆண்டுக்கு ஒரு மாற்றம் முன்மொழிகிறோம். நாவல் முடிந்த பிறகு அல்லாமல், மூன்றில் ஒரு பங்கு படித்ததும் சுவரொட்டியைத் தொடங்க வேண்டும். இனி என்ன நடக்கும், யார் மாறுவார் என்று பென்சிலில் எழுதி, படிக்கப் படிக்க அதன்மேல் புதுத்தாள் ஒட்டிக்கொண்டே போகலாம். தவறாகப் போன கணிப்புகளை அழிக்கக் கூடாது, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்படி ஒட்ட வேண்டும். பாதிப் புத்தகத்தில் நின்றுவிடும் பிள்ளைகளையும் இது கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்கிறோம். சார்ட்டுகளைச் சேர்த்துவைக்க நம்மிடம் அலமாரி இல்லை. புகைப்படம் எடுத்துக்கொண்டு மாணவரிடமே திருப்பிக் கொடுப்பது என்ற நடைமுறை தொடரும்.

நடுவர்களாக வந்தவர்களுக்கும், கூடத்தைத் தந்தவர்களுக்கும், சார்ட் ஒட்ட ஏணி பிடித்த மாணவத் தொண்டர்களுக்கும் சங்கத்தின் நன்றி. மேற்சொன்ன இரண்டு பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். திருத்தம் இருந்தால் இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்