நகர சபையிடம் ஒரு பக்கத் தகவல்கூடவா இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பைச் சுற்றியிருக்கும் சின்ன நகர சபைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தால் விடாமல் வாசிப்பேன், வாசித்துவிட்டுப் பாதி நாள் எரிச்சல்தான் வரும். மழை பெய்து வீதி மூழ்கினால் 'நகர சபை அசமந்தம்' என்று ஒரு தலைப்பு. எந்த வீதி? பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, வேறு சில மாகாணத்துக்குரியவை, உள் ஒழுங்கைகளும் அவற்றின் கான்களும்தான் பெரும்பாலும் நகர சபையின் பொறுப்பு. பெரிய கால்வாய் அடைபட்டிருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தைத்தான் கேட்க வேண்டும். இது விளங்காமல் எழுதினால் பிழை விட்டவர் சத்தமில்லாமல் தப்பிவிடுவார்.

ஆனால் நிருபரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. பின்னேரம் செய்தி முடிக்க வேண்டிய அவசரத்தில் அவர் யாரிடம் கேட்பார்? சபைக்கு அடித்தால் யாரும் எடுப்பதில்லை, பேஸ்புக் பக்கத்தைப் பார்த்தால் தவிசாளர் ரிப்பன் வெட்டும் படங்கள், அதுவும் சிங்களத்தில் மட்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது என்பதை யாராவது இவர்களுக்கு ஞாபகப்படுத்தினால் நல்லது.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பை பெரும்பாலும் கொழும்பு மாநகர சபை கொண்டுவந்து கொட்டியது, மேடு இருந்ததோ கொலன்னாவ நகர சபை எல்லைக்குள். அங்கிருந்த சனங்கள் வருடக்கணக்காக எதிர்ப்புத் தெரிவித்தும் ஏன் எதுவும் நடக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விபரம் முக்கியம். அந்த அவசரத்தில் இதையெல்லாம் தேடிப் பிடிக்க எத்தனை பேருக்கு நேரம் இருந்திருக்கும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், நல்ல சட்டம்தான், காரணம் சொல்லாமலே யாரும் கேட்கலாம். ஆனால் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம், அதுவரை வெள்ளம் காத்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், யாரும் கேட்காமலே நகர சபை ஒரு பக்கத்தில் போட்டு வைக்க வேண்டிய விடயங்கள் இவை: எல்லை வரைபடம், வட்டாரங்களும் உறுப்பினர்களும், எந்த வீதி யாருடையது, குப்பை எடுக்கும் நாட்கள், வரவு செலவுத் திட்டம், பத்திரிகைக்குப் பதில் சொல்லும் அலுவலர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம். மூன்று மொழியிலும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை, ஒரு எழுதுவினைஞர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அப்புறம் மாற்றம் வரும்போது திருத்தவும் வேண்டும். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள்தான் நடத்தினார்கள், அந்தக் காலத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்றே பலருக்குத் தெரியவில்லை.

சபைகள் தாமாகச் செய்யும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நீங்களே ஒரு கேள்விப் படிவம் தயாரித்து கொழும்பைச் சுற்றியுள்ள எல்லா நகர சபைகளுக்கும் அனுப்புங்கள். வந்த பதில்களைப் பிரசுரியுங்கள், பதில் அனுப்பாத சபைகளின் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு