கொன்சோ மலையின் கல் வரப்புகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் நலம். இங்கே தெற்கு எத்தியோப்பியாவில், அர்பா மிஞ்ச் நகரில் வகுப்புகள் வழக்கம்போல நடக்கின்றன.

தெரு வாய்க்காலில் மண்டிய புதரை வெட்ட ஒருவரும் வரவில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருந்தாய். அதற்கு மறுமொழியாக, இங்கிருந்து தெற்கே இருக்கும் கொன்சோ மலைக் கிராமங்களைப் பற்றிச் சொல்கிறேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்தேன்.

வறண்ட பூமி. மழை வந்தால் கொட்டும், இல்லையென்றால் பொய்த்துவிடும். அந்தச் சரிவுகளில் 400 ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் அடுக்கிப் படிவயல் அமைத்துச் சோளம் விதைத்து வருகிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, வெறும் கல். சில இடங்களில் சுவர் 5 மீட்டர் உயரம். மண்ணையும் ஈரத்தையும் பிடித்து வைப்பதோடு, மிகுந்த நீரை வடித்துவிடவும் வேண்டும். ஒரு வயலின் சுவர் சரிந்தால் கீழே உள்ள வயலுக்கும் கேடு. அதனால் என் நிலம், உன் நிலம் என்று ஒதுங்கியிருக்க முடியாது. ‘ஹர்தா’ என்ற மழைநீர்க் குளங்களை வெட்டுவதும் பராமரிப்பதும் ஊர் கூடிச் செய்யும் வேலை. 2011இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

என்னை மிகவும் கவர்ந்தது ‘மோரா’. கற்சுவர் சூழ்ந்த ஊருக்குள் இருக்கும் பொதுத்திடல் அது. அங்குள்ள கூரைவீட்டில் மணமாகாத இளைஞர்கள் இரவில் தங்குகிறார்கள். தீப்பிடித்தாலோ, யாருக்காவது ஆபத்து என்றாலோ ஓடிவர வேண்டியவர்கள் அவர்கள்தான். அந்த வயதில் இருப்பவனுக்கு அது கடமை, அவ்வளவுதான். வயது ஏற ஏறப் பொறுப்பும் மாறுகிறது. ஒரு தலைமுறை ஊர்ப்பொறுப்பை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும்போது, திடலில் உள்ள கம்பங்களோடு புதிதாக ஒரு மரக்கம்பத்தை நடுகிறார்கள். சில பகுதிகளில் இது 18 ஆண்டுக்கு ஒருமுறை. கம்பங்களை எண்ணினால் ஊரின் வயதைக் கணிக்கலாம்! பொறுப்பை ஏற்பதற்கு மட்டுமல்ல, இறக்கி வைப்பதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. நம்மிடம் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன். நம் சங்கங்களில் ஒருவரே சாகும்வரை தலைவராக இருக்கிறார். மற்றவர்கள் சந்தா கட்டிவிட்டு விலகிக்கொள்கிறார்கள்.

எல்லாம் நிறைவு என்று சொல்லமாட்டேன். வயலிலும் வீட்டிலும் ஓயாமல் உழைக்கும் பெண்களுக்கு மோராவில் கூடி எடுக்கும் ஊர் முடிவுகளில் இடமில்லை. அது எனக்கு உறுத்துகிறது. 2020 இறுதியில் அந்தப் பகுதியில் மோதல்கள் வெடித்து, பல்லாயிரம் பேர் வீடிழந்து வெளியேறினார்கள். பின்னாலேயே வறட்சியும் வந்தது. பிள்ளைகள் படிப்புக்கும் கூலிக்கும் நகரங்களுக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும், ஆனால் கல் அடுக்கும் கைகள் குறைந்தால் சுவர்கள் என்னாகும் என்ற கவலை என்னை விடவில்லை. கையால் செய்து பழகாமல் இந்த வித்தை வராது.

ஒரு செய்தி உன் மனைவிக்கு. வயல்களிலும் வீட்டு முற்றங்களிலும் முருங்கை நிற்கிறது. நம்முடையதற்கு உறவான வேறு இனம், அடிமரம் பருத்திருக்கும். கீரையை வேகவைத்துச் சோளமாவு உருண்டையோடு சாப்பிடுகிறார்கள். வறட்சியிலும் தழைப்பதால் அதுதான் அவர்களுக்குப் பெரிய துணை.

ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வருகிறேன். சுவர்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீ பொதுப்பணித் துறையில் இத்தனை காலம் கரை கட்டியவன். அந்த அடுக்குமுறையைப் பார்த்து உன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்