முதியோரின் மூளை நலனுக்கு ஊர்தோறும் சமையல் வகுப்பு நடத்தக் கோரி மனு

அனுப்புநர்
முதியோர் உணவுப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள ஊட்டச்சத்துப் பணியாளர்கள், செவிலியர்கள்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: 60 வயதைக் கடந்தோருக்கும் அவர்களுக்குச் சமைப்பவர்களுக்கும் செய்முறைச் சமையல் வகுப்பு நடத்த வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் அதே வீட்டு அடுப்படியில் உப்பும் எண்ணெயும் குறையவில்லை. கட்டுக்குள் வராத அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்து, மறதி நோய்க்கு வழிவிடுகின்றன. அதனால்தான் இந்த வகுப்பைக் கேட்கிறோம்.

உணவு மட்டுமே மறதியைத் தடுத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2023இல் வெளியான அமெரிக்காவின் மூன்றாண்டு ஆய்வில், மூளைக்கென வகுத்த ‘மைண்ட்’ உணவுமுறை, வழக்கமான உணவை அளவு குறைத்து உண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் பயனைத் தரவில்லை. உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து நடத்திய பின்லாந்தின் ஈராண்டு ஆய்வில் (2015) பயன் தெரிந்தது. எனவே மாத்திரை தரும் நாளிலேயே, அழுத்தம் பார்க்கும் இடத்திலேயே வகுப்பும் நடக்க வேண்டும்.

“உப்பைக் குறையுங்கள்” என்று துண்டறிக்கை கொடுத்தால் எவ்வளவு குறைப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது சமமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு என்பது உச்ச அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாளாவது வர வேண்டும். பிரித்த தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதி வைக்கச் சொன்னால் போதும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் கணக்கு தானே தெரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் அந்த 5 கிராமுக்குள்தான் அடங்க வேண்டும். உப்புக்குப் பதில் விற்கும் பொட்டாசியம் உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நம் மாவட்டத்தில் அதிகம் திருத்த வேண்டியது களித் தட்டைத்தான். ராகி என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையில் பெரிய உருண்டையாகச் சாப்பிடுகிறார்கள். 100 கிராம் ராகி மாவில் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்துச் சலித்த மாவில் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். ஒருவருக்கு 60 கிராம் சலிக்காத மாவு, அரிசி நொய்க்குப் பதில் சாமை நொய், களிக்குச் சமமாகக் கீரைக் கடைசல், பக்கத்தில் ஒரு கிண்ணம் கொள்ளு அல்லது அவரைக் கொட்டை என்று தட்டிலேயே வைத்துக் காட்ட வேண்டும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட் என்ற வைட்டமினில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பல் இல்லாதவர்கள் கொள்ளு ரசத்தின் தெளிவை மட்டும் குடிக்க, வெந்த கொள்ளு மாட்டுக்குப் போகிறது. 30 கிராம் கொள்ளில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் தேவை. எட்டு மணி நேரம் ஊறவைத்து, குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து கொடுத்தால் பல் இல்லாதவரும் சாப்பிடலாம். விழுங்கும்போது புரையேறுகிறவருக்கு உருண்டைக் களி ஆபத்து. மருத்துவரோ செவிலியரோ பார்த்து, எந்தப் பதத்தில் தரலாம் என்று சொல்ல வேண்டும்.

மறதி எல்லாமே மூப்பு அல்ல. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சேர்க்காதவர்களுக்கு இன்னும் குறையும். கால் மரத்துப்போவதும் ஞாபகம் தடுமாறுவதும் அதன் அறிகுறிகள். பரிசோதித்து ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் சரியாக வாய்ப்புள்ள குறை இது. தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடலாம். அதேபோல் அமாவாசை, கிருத்திகை விரதத்தில் சோறு இல்லாமல் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்குகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பேச்சு குழறும். வீட்டில் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. வகுப்பில் தவறாமல் சொல்ல வேண்டிய பாடம் இது.

ஆகவே பென்னாகரம் வட்டாரத்தில் முதலில் தொடங்கி, துணை சுகாதார நிலையம்தோறும் மாதம் இரு வகுப்பு வீதம் மூன்று மாதம் நடத்த ஆணையிட வேண்டுகிறோம். ஒரு வகுப்புக்கு 15 முதியோர் போதும். ஒவ்வொருவருடனும் வீட்டில் சமைக்கும் மருமகளோ மகனோ வர வேண்டும். கரண்டி அவர்கள் கையில்தான் இருக்கிறது. தனியாக வாழ்பவருக்குப் பக்கத்து வீட்டார் ஒருவர் வரலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தின் மனையியல் வல்லுநர்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் பயிற்சி தரலாம். 15 பேருக்கு 900 கிராம் ராகி மாவு, 450 கிராம் கொள்ளு, கீரை, 15 முட்டை ஆகியவற்றோடு, வீட்டுக்கு ஒரு 5 மில்லி அளவுக் கரண்டியும் வழங்க வேண்டும். சமையலுக்கும் குடிக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்த வேண்டும். இங்கு நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரைடு அதிகம்.

நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதில் வழங்கும் 2 கிலோ ராகி மாதந்தோறும் தடையின்றிக் கிடைக்கவும், மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடும் முதியோரின் ரத்த மாதிரியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பி12 பரிசோதிக்கவும் ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள்
இடம்: பென்னாகரம்