கூகையின் முன்னால் உட்கார எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

தமிழ்நாட்டின் உயிரியல் பூங்காக்களை நடத்தும் வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியன். உங்கள் பூங்கா ஒன்றில் இருக்கும் கூகை என்ற ஆந்தையைப் பார்த்த பிறகுதான், இப்போது செய்துகொண்டிருக்கும் அச்சுப்படத் தொகுதி எனக்குத் தோன்றியது. மாஞ்சா நூல் அறுத்து இறக்கை போன பறவை அது. வெளியே விட்டால் பிழைக்காது என்று அதைப் பராமரிக்கும் அண்ணன் சொன்னார்.

புகைப்படத்தைப் பார்த்து ஆந்தை வரைகிறவர்கள் கண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். நேரில் பார்த்தால், முகம் முழுவதும் வேலை செய்வது தெரிகிறது. கண்கள் குழியில் அசையாமல் பதிந்திருப்பதால் எதைப் பார்க்கவும் தலையையே திருப்ப வேண்டும். 270 பாகை வரை திருப்பும். இதய வடிவிலான அந்த வெள்ளை முகம் ஒலியைக் காதுக்குக் குவித்துக் கொடுக்கிறது. இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. சத்தம் மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று அதனால்தான் பிடித்துவிடுகிறது. நடைபாதையில் யாரோ சருகை மிதித்தார்கள். கூகை முகத்தைச் சாய்த்தது, நிறுத்தியது, மறுபடி மயிரிழை அளவு திருத்திக்கொண்டது. ஓர் உயிர் கேட்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்! அந்தத் திருத்தத்தைத்தான் ஒரே கட்டையில் அடுத்தடுத்த கோடுகளாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பிரான்ஸின் ஆன்டிப் நகரில் 1946-ல் அடிபட்ட சிறு ஆந்தை ஒன்று பிக்காசோவிடம் வந்து சேர்ந்தது. அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் அவருடைய ஓவியங்களிலும் சுடுமண் வேலைகளிலும் ஆந்தைகள் வந்துகொண்டே இருந்தன. இங்கே நாங்கள் அப்படிச் செய்ய முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, தடுப்பதுதான் சரி. தீபாவளி நேரத்தில் பூசைக்கென்று ஆந்தை பிடித்து விற்கிற நாட்டில் அந்தச் சட்டம் தளரவே கூடாது. ஆக, ஆந்தையைப் பக்கத்தில் பார்க்க எங்களுக்கு உங்கள் கூண்டை விட்டால் வேறு இடமில்லை.

ஆனால் பூங்கா மூடுகிற நேரத்தில்தான் கூகை விழிக்கிறது. பகலில் வருகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தூங்கும் பறவையை. அதையும் விசிலடித்து எழுப்பப் பார்க்கிறார்கள்.

மாதம் ஒரு மாலை, அந்தி நேரத்தில், ஐந்தாறு ஓவியர்களை ஒரு மணி நேரம் உட்கார விடுங்கள். பராமரிப்பாளர் கூடவே இருக்கட்டும். செல்போன், பிளாஷ் எதுவும் வேண்டாம். பறவை மிரள்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னால் அந்த நிமிடமே எழுந்துவிடுகிறோம்.

இந்தப் படங்களை ஊர்ப் பள்ளிகளில் மாட்டப்போகிறேன். கூரையில் கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எலி பிடிக்க வந்து உட்காரட்டும் என்று வயலில் அதற்காகக் குச்சி நட்டு வைப்பதும் அதே ஊர்களில்தான். பிள்ளைகள் அந்த முகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வண்டலூர், குரும்பப்பட்டி, அமிர்தி, எங்கே அனுமதித்தாலும் வருகிறோம். மார்கழி, தை மாதங்களில் சீக்கிரம் இருட்டிவிடும். அப்போது தொடங்கினால் உங்கள் ஊழியர்களும் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
ஒரு அச்சு ஓவியன்